மீனும் கீரையும்

1895 முதல் மலைச்சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் வந்திறங்கும் லோயர் கேம்ப்பிலே, வீட்டு முற்றத்தில் ஒரு மீன்தொட்டியும் அதன்மேல் ஒரு செடிப்பாத்தியும் அமைத்தோம். மீன்கழிவின் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றும். அதனைச் செடிகள் உண்ண, தெளிந்த நீர் தொட்டிக்கே திரும்பும்.

எவற்றை வளர்ப்பது என்பதிலேதான் தவறினோம். பள்ளத்தாக்கின் பெருமையாகிய திராட்சையை நட்டோம். ஓயாது நீரில் நின்ற வேர் அழுகிற்று. கெண்டைக் குஞ்சுகளை விட்டோம். ஓரிரவு மின்சாரமின்றி மோட்டார் நிற்க, விடியுமுன் யாவும் மாண்டன. மின்நிலையமுள்ள ஊரில் இது நேர்ந்ததற்கு நகைப்பதா, அழுவதா?

நண்பர்கள் திலேப்பியாவை வளர்க்கச் சொன்னார்கள். 1952-இல் இந்நாட்டிற்குக் கொணரப்பட்ட அம்மீன் எத்துன்பத்தையும் தாங்கும். ஆயினும் மழையில் தொட்டி வழிந்தால், வாய்க்காலில் பெருகி நாட்டுமீன்களை நெருக்கிவிடும். இவ்வூர் நீர் வைகையை அடைவதன்றோ? ஆதலின், காற்றையும் சுவாசிக்கவல்ல பனையேறிக் கெண்டையைத் தேர்ந்தோம்; அது வெளியேறாதபடி வலையிட்டு மூடினோம். பாத்தியில், ஈரத்தை விரும்பும் வல்லாரையும் புதினாவும் வைத்தோம்.

மனம் விழைவதை விடுத்து, இடத்திற்கு ஏற்றதைத் தேர்தல் வேண்டுமென்பதை மாண்ட அக்குஞ்சுகளே எமக்குக் கற்பித்தன.