வில்லுக்கு ஏற்ற நாண்

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும், 2022இல் நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குக் கிடைத்தபோதும் செய்திகளில் அதிகம் பேசப்பட்டது மரம்தான். வீணைக்குப் பலா, நாகசுரத்துக்கு ஆச்சா. கம்பியும் சீவாளியும் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளும் உதிரிப் பொருள்களாகவே நின்றுவிட்டன. விருதுநகர் மாவட்டத்தில் கோயில் கொடைக்கும் பங்குனிப் பொங்கலுக்கும் நடக்கும் வில்லுப்பாட்டைப் பார்க்கப் போனபோது என் கவனம் நாணின் மேல் இருந்ததற்கு இந்தக் குறையே காரணம். வில்லுப்பாட்டுக் கலைஞர் சாத்தூர் பிச்சைக்குட்டி பாடிய வட்டாரம் இது. இங்கே இன்று பல மேடைகளில் இரும்புக் குழாய் வில்லும், அதில் நைலான் கயிறோ இரும்புக் கம்பியோ ஏற்றிய நாணும் இருக்கின்றன. தோல் நாண் ஏன் போயிற்று என்று கேட்டால், அது தொய்ந்துவிடும், நம்ப முடியாது என்ற பதில்தான் கிடைக்கிறது. அந்தப் பதில் பாதிதான் சரி. தோல் தன்னால் தோற்கவில்லை, வில் மாறியதால் தோற்றது. எந்த நாண் நல்லது என்ற கேள்விக்கு, எந்த வில்லில் கட்டப்போகிறோம் என்பதைச் சொல்லாமல் விடை சொல்லவே முடியாது.

பழைய வில்கதிரைப் பனையில் அறுத்தார்கள். பத்தடியும் அதற்கு மேலும் நீளம் இருக்கும். பனையில் வெளிப்புறம் மட்டுமே கறுத்த நாரோடிய வைரம், உள்ளே இருப்பது சோறு. வயதான மரத்தின் வைரம் பாய்ந்த பகுதியிலிருந்து எடுத்த கதிர்தான் முறியாமல் வளையும். நாணேற்றிய பிறகும் அது ஓயாமல் நிமிரப் பார்க்கும். அந்த நிமிரும் விசைதான் நாணை இழுத்துப் பிடித்திருக்கிறது. தோல் நாண் என்பது பதனிடாத மாட்டுத் தோலை மயிர் நீக்கி, நீள வாராக அறுத்து, ஈரத்தோடு முறுக்கி, இழுத்துக் கட்டி உலர்த்தியது. ஈரக் காற்றில் அது சற்று நீளும், வெயிலில் சுருங்கும். நீளும்போது பனங்கதிர் அந்த அளவுக்கு நிமிர்ந்து தொய்வை வாங்கிக்கொள்ளும். சுருங்கும்போது இன்னும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதனால் இரவு முழுக்க இழுப்பு பெரிதாக மாறுவதில்லை. குழாய் வில்லில் இதற்கு வழியில்லை. குழாயை வளைத்தபோதே அந்த வளைவு நிலைத்துவிட்டது, அதற்கு நிமிரும் ஆசை இல்லை. நாண் ஒரு விரற்கடை நீண்டால் அந்த விரற்கடை அப்படியே தொய்வாக நிற்கும். பனிக்காற்று இறங்கும் நேரத்தில் தோல் தளர்ந்ததைப் பார்த்தவர்கள் தோலைக் கழற்றிப் போட்டதில் வியப்பில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது குழாயின் குறையை.

இனி ஒலிக்கு வருவோம். வில்லுப்பாட்டில் வீசுகோல் நாணில் விழும்போது மூன்று காரியம் நடக்கிறது. நாண் தானே ஒலிக்கிறது, அதிர்வு வில்லுக்குப் போய் அதில் கட்டிய மணிகளைக் குலுக்குகிறது, வில்லோடு பிணைத்த குடத்துக்குள்ளும் இறங்குகிறது. தோலுக்கு உள்ளே உராய்வு அதிகம். அடித்ததும் ஒலி கனமாக எழுந்து உடனே அடங்கும். இரும்புக் கம்பியில் உராய்வு மிகக் குறைவு, ஒலி நெடுநேரம் ரீங்கரிக்கும். மணியும் ஜால்ராவும் ஏற்கெனவே அந்த உச்ச ஒலிகளை நிரப்பிக்கொண்டிருக்கும் மேடையில் இன்னோர் உலோக ரீங்காரம் சேர்ந்தால் மூழ்கிப்போவது பாட்டின் சொல். வில்லுப்பாட்டு சொல்லால் நடக்கும் கலை. நல்லதங்காள் பிள்ளைகளைக் கிணற்றில் போடும் இடம் வருகிறது, வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கும் மண்ணில் அந்தக் கதை பாடப்படுகிறது. அங்கே ஒரு சொல் தவறினாலும் கேட்பவர் மனம் தடுக்கும். நைலானின் சிக்கல் வேறு. அடிக்கும் விசையில் ஒரு பங்கைத் தானே நீண்டு விழுங்கிவிடுவதால் வில் குலுங்குவதில்லை, மணி சோம்பலாகக் கிணுகிணுக்கிறது. அடிப்பவர் இன்னும் ஓங்கி அடிக்கிறார், தோள்பட்டைதான் அதற்கு விலை கொடுக்கிறது.

மரத்தையும் நரம்பையும் சேர்த்தே நிறுத்துப் பார்ப்பது உலகில் புதிதல்ல. 1879இல் மதீராத் தீவிலிருந்து ஹவாய்க்குக் குடியேறிய போர்த்துக்கீசியத் தச்சர்கள் செய்யத் தொடங்கிய யுகுலேலே என்னும் சிறிய நரம்புக் கருவி ஹவாயின் கோவா மரத்தில் வளர்ந்தது. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1916இல் அதை மஹோகனியில் செய்தது. அந்நாளில் அதற்குக் குடல் நரம்பு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குடல் நரம்பு அறுவை சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டுத் தட்டுப்பாடு வந்தது, 1940களில் நைலான் அந்த இடத்தைப் பிடித்தது. பிறகு குடல் நரம்பின் துலக்கத்தைச் செயற்கை இழையில் மீட்கவே இத்தாலியின் அக்குவிலா போன்ற நிறுவனங்கள் உழைத்தன. மஹோகனியின் மிருதுவான ஒலியை எடுப்பாக்க அடர்த்தி கூடிய மெல்லிய நரம்பைத் தேடுவோர் உண்டு, அந்த மிருதுவையே விரும்பி நைலானோடு நிற்போரும் உண்டு. இரு சாராரும் முதலில் பார்ப்பது மரத்தைத்தான். ஒரு சாண் பெட்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது. பத்தடி வில்லுக்குக் கடையில் அகப்பட்ட கயிறு போதும் என்று நாம் விட்டுவிட்டோம்.

மைக்செட் வந்தபின் நாண் எதுவானால் என்ன என்று சொல்வார்கள். மைக் இருப்பதைத்தான் பெருக்கும். கம்பியின் ரீங்காரம் ஒலிபெருக்கியில் இன்னும் கூர்மையாகி, பாடுபவரின் குரலோடு மோதும். மைக் வந்ததால் நாணைப் பற்றிய அக்கறை கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது. ஈரத்தைக் காட்டித் தோலை மறுப்பவர்களுக்கு இந்த வட்டாரமே பதில். மழை குறைந்த இந்த வறண்ட காற்றை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே காய்கின்றன. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேர்பிடித்ததற்கு இந்த வெயிலும் ஒரு காரணம். மருந்தை உலர்த்தும் அதே வெயில் தோல் நாணுக்கும் நல்லது. கொடைகள் மிகுந்த பங்குனி, சித்திரை மாதங்கள் மழை மாதங்களும் அல்ல. தென்மேற்குப் பருவமழை பெய்யும் கன்னியாகுமரிப் பக்கத்துக்குப் பொருந்தும் கவலையை இங்கே கொண்டுவரத் தேவையில்லை. இங்கே உள்ள ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: தோல் அளவுக்கு மீறிக் காய்ந்து வெடிக்கலாம். எண்ணெய் பூசிப் பொதிந்து வைத்தால் அது தீரும். கழற்றிப் பூட்டும் குழாய் வில் பேருந்தில் போகும், பனங்கதிர் போகாது என்பது மட்டும் மறுக்க முடியாத வாதம். பகலில் பட்டாசு ஆலையிலோ அச்சகத்திலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் வெளியூர் கிளம்பும் குழுவிடம் வேன் வாடகையையும் நீயே போட்டுக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பொருள் கிடைக்காததுதான் பெரிய தடை, அதற்கும் காரணம் இயற்கை அல்ல. பச்சைத் தோல் ஊரிலிருந்து தரகர் கைக்குப் போய், மொத்தமாகத் திண்டுக்கல், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் ஆலைகளை நோக்கிப் போகிறது. ஒரு நாணுக்கு வேண்டிய அளவு தோலைத் தனியே விற்பதில் அந்தத் தரகருக்கு லாபமில்லை. ஆலையில் குரோமியம் ஏறிப் பதமான தோல் பைக்கு உதவும், இழுத்தால் நீண்டுகொண்டே போவதால் நாணுக்கு உதவாது. வாரறுத்து முறுக்கத் தெரிந்த கைகள் இந்த மாவட்டத்தில் பெரும்பாலும் அருந்ததியர் வீடுகளில் இருந்தன. வில் சாமி முன்னால் மேடையில் ஏறியது, அதன் நாணை முறுக்கியவரை ஊர் தெருக்கோடியில் நிறுத்தியது. அவர் பிள்ளைகள் அந்தத் தொழிலை விட்டுப் போனதை நான் நியாயம் என்றே சொல்வேன். கலையைக் காப்பாற்றுவதற்காக யாரும் இழிவைச் சுமக்க வேண்டியதில்லை. நாண் முறுக்கும் வேலை திரும்பி வர வேண்டுமானால் எந்த வீட்டுப் பிள்ளையும் மதிப்போடும் கூலியோடும் கற்கும் வேலையாகத்தான் வர முடியும்.

பனை விஷயத்தில் அரசாணையே கையில் இருக்கிறது. 2021இல் தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றது, அது நல்ல முடிவு. சாலை விரிவாக்கத்துக்கு அனுமதி பெற்று வெட்டும் மரங்களிலும், காற்றில் சாயும் முதிர்ந்த மரங்களிலும் சில கதிர்களை வில்லுக்கென்று ஒதுக்கச் சொல்ல ஆட்சியர் அலுவலகத்தால் முடியும். கருவி வாங்கக் கலைஞர்களுக்கு நிதி கொடுக்கும்போது, வில்லையும் நாணையும் ஒரே கருவியாகச் சேர்த்து, முறுக்குபவரின் கூலியையும் அந்தக் கணக்கில் எழுத இயல் இசை நாடக மன்றத்தாலும் முடியும்.