தானா ஏறும்

மார்கழியில் லண்டன் விடியுமுன்னே ஆய்வுக்கூடத்தில் வேலை தொடங்கிவிடும். கூண்டுக்குள் நான் முதலில் பார்ப்பது சுண்டெலி கட்டிய கூட்டை. கடதாசிக் கீற்றுகளை இழுத்துப் பின்னி, தலைக்கு மேலும் மூடிக் கட்டியிருந்தால் சுகமாக இருக்கிறது. கீற்றுகள் போட்டபடியே கிடந்து, முடி சிலிர்த்து முதுகு கூனியிருந்தால், மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

பிறகு கூண்டு மாற்றம். பிளாஸ்டிக் குழாயை முன்னால் வைத்தால் எலி தானே உள்ளே போகும், குழாயோடு தூக்கிவிடலாம். நான் சேர்ந்த காலத்தில் வாலைப் பிடித்துத்தான் தூக்குவோம். அப்படித்தான் பழக்கினார்கள். வாலில் தூக்கினால் எலிக்குப் பயம் கூடுகிறது, குழாயிலோ குவித்த கையிலோ எடுத்தால் அது மனிதரை நெருங்கி வருகிறது என்று 2010இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்து ஜேன் ஹர்ஸ்ட் காட்டினார். அதை அறிந்த இரவு நான் தூங்கவில்லை. எத்தனை வால் பிடித்த கை இது!

குவித்த கை எனக்குப் புதிதுமில்லை. யாழ்ப்பாணத்தில் மழை இருட்டினால் கோழிக்குஞ்சுகளைக் கடகத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நான் ஓடி ஓடிப் பிடிப்பேன். "கலைக்காதை பிள்ளை. கையை ஏந்திக்கொண்டு இரு, தானா ஏறும்" என்பா அம்மம்மா. ஏறும். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடக்கும், கொஞ்சத்தில் அடங்கும்.

லீவு நாளில் பட்டர்சீ பூங்காவுக்குப் போனால் பழுப்பு நாயின் சிலையருகே நடை தளர்ந்துவிடும். 1903இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் மாணவர்கள் முன்னால் அறுக்கப்பட்ட நாய். 1906இல் அதற்குச் சிலை வைத்தார்கள். மருத்துவ மாணவர்கள் தெருவில் இறங்கிக் கலகம் செய்தார்கள். 1910இல் சிலையை அகற்றிவிட்டார்கள். இப்போதிருப்பது 1985இல் வைத்தது. நாங்கள் இன்றைக்கும் கட்டுப்பட்டு வேலை செய்கிற விலங்குச் சோதனைச் சட்டம் அதற்கு அடுத்த வருடம் வந்தது.

அந்த நாயின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டம். என் எலிகளில் அநேகம் உயிரோடு வெளியே போவதில்லை. ஆனால் அம்மம்மாவின் கடைசி வருடங்கள் இன்சுலினில் ஓடியவை. 1921இல் டொரொன்டோவில் அதைக் கண்டுபிடித்ததும் நாய்களின் உடலில்தான். இந்த இரண்டில் எதையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இன்றைக்கு ஒரு கூண்டின் கடைசி நாள் வந்திருந்தது. அந்தக் கூடு நல்ல கூடு, வட்டமாக, மேல் மூடி. அவசரப்படாமல் குழாயை வைத்துக்கொண்டு இருந்தேன். எலி மூக்கை நீட்டி மணந்து பார்த்தது. பிறகு தானாகவே ஏறியது.