தாத்தாவின் கட்டில்
(9-ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

இந்த மாதச் சுவர் இதழுக்கு ‘எங்கள் வீட்டுப் பொருள்’ என்ற தலைப்பில் எழுதச் சொன்னார்கள் தமிழம்மா. எல்லோரும் டிவி, சைக்கிள் என்று எழுதுவீர்கள். நான் எங்கள் புறவாசல் வேப்பமரத்தடியில் கிடக்கும் கயிற்றுக் கட்டிலைப் பற்றி எழுதுகிறேன். எழுத வேண்டிய காரணமும் ஒன்று உண்டு.

தாத்தாவுக்கு வீட்டுக்குள் படுத்தால் தூக்கம் வராது. பூவரசங்கட்டைச் சட்டம், தேங்காய் நார்க் கயிறு. என் அப்பா பிறப்பதற்கு முன்னாலேயே செய்ததாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை பெய்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், அப்போது எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். தாத்தா முதல் வேலையாகக் கட்டிலைத் தூக்கி உத்தரத்தில் கட்டினார். அதன் மேல்தான் ரேஷன் அரிசி மூட்டையும் என் புத்தகப் பையும் இருந்தன. அந்த மழையில் தப்பித்த கட்டிலை, சாதாரண ஐப்பசி மழையில் நான் கெடுத்தேன்.

போன ஐப்பசியில் கண் ஆபரேஷனுக்காகத் தாத்தா சென்னைக்கு அத்தை வீட்டுக்குப் போனார். போகும்போது, “ஏட்டி, மழை வருமுன்னே கட்டில தூக்கித் திண்ணையில போட்டுரு. காலுக்கு அடியில செங்கல் வையி” என்றார். சரி என்றேன். தனியாகத் தூக்க முடியாது, தம்பியைக் கூப்பிட வேண்டும். அவனைக் கூப்பிட்டால் சண்டை வரும். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டேன். அம்மாவும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பீடி வேலையில் மறந்துவிட்டாள். தாத்தா போன் பண்ணும்போதெல்லாம், “கட்டில தூக்கிப் போட்டியாட்டி?” என்று கேட்பார். “போட்டாச்சு தாத்தா” என்பேன். முதல் தடவை பொய் சொல்லத்தான் கஷ்டமாக இருந்தது.

நாற்பது நாள் அது சேற்றில் நின்றது. தாத்தா வருகிறார் என்று தெரிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். தலைமாட்டு இடது காலில் மண் கோடு ஏறியிருந்தது. கரையான். ஈர்க்குமாற்றால் தேய்த்துக் கழுவினேன். இரண்டு நாள் நல்ல வெயில். காய்ந்ததும் பார்க்கப் புதுக்கட்டில் மாதிரியே இருந்தது. கயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. தேங்காய் நார் தண்ணீரைத் தாங்கும். மட்டையை மாதக்கணக்கில் ஊறப்போட்டுத்தானே நாரே எடுக்கிறார்கள். அதனால் தைரியமாக இருந்தேன்.

கரையான் வெளிச்சத்துக்கு வராதாம். மேல்தோலை விட்டுவிட்டு உள்ளேதான் தின்னுமாம். இது எனக்கு அப்போது தெரியாது.

தாத்தா வந்த அன்று ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து, தலையைச் சாய்க்கப் போனார். ‘மடக்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டில் சரிந்து கிடக்கிறது, தாத்தா கீழே. வலது மணிக்கட்டில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. எல்லோரும் கேட்டதற்கு, “பழைய கட்டில்லா, உளுத்துப் போச்சு” என்று தாத்தாவே சொல்லிவிட்டார். நான் சோறு பிசைந்து ஊட்டினேன். அவருக்கு ஊட்டிவிட்டால் கூச்சம். முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்குவார்.

பிறகு ஆசாரி வந்து வேப்பங்கட்டையில் புதுக்கால் போட்டார். மற்ற வேலை எல்லாம் என்னுடையது. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் கயிறு முழுவதையும் அவிழ்த்தேன். சட்டத்தின் பொருத்துகளில் ஈர்க்கை விட்டுக் குடைந்தால் மூட்டைப்பூச்சி! நாற்பது நாள் யாருமே படுக்கவில்லை, எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்டேன். அது மாதக்கணக்கில் ரத்தம் இல்லாமலே கிடக்குமாம். கொதிக்கிற தண்ணீரை ஒவ்வொரு பொருத்திலும் ஊற்றி, மூன்று நாள் வெயிலில் போட்டேன். நல்ல சூடு பட்டால் முட்டையும் சேர்த்துச் செத்துவிடும். சும்மா நிழலில் காயப்போட்டால் ஒன்றும் ஆகாது.

ஆசாரி, மார்த்தாண்டம் பக்கம் முந்திரி ஆலையிலிருந்து வாங்கிய கொட்டை எண்ணெய் ஒரு டப்பா கொடுத்தார். வள்ளத்துக்குப் பூசுவது. கரையான் அண்டாது. “கையில படக்கூடாது பாப்பா, பொத்துரும்” என்றார். கேட்டேனா? விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. நான்கு காலுக்கும் அடியில் இரண்டு கைவைப்பு பூசினோம். சட்டத்துக்கு வேப்பெண்ணெய். வீடு முழுக்க நாற்றம், தம்பி மூக்கைப் பொத்திக்கொண்டே திரிந்தான்.

கயிற்றை நனைத்துக்கொண்டால் கைக்கு வளையும். பின்ன எனக்கு நான்கு சாயங்காலம் ஆனது. இரண்டு இடத்தில் பின்னல் தப்பு. தாத்தா பார்த்துவிட்டு அவிழ்க்க வேண்டாம் என்றார். கால்மாட்டில் இழுத்துக் கட்டும் கயிற்றை இப்போது வாரா வாரம் நான்தான் இறுக்குகிறேன். அப்போதே ஒவ்வொரு காலையும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பேன். கெட்டிக் கட்டை என்றால் ‘டக் டக்’. உள்ளே அரித்திருந்தால் பொத்தென்று கேட்கும். அன்று ஒரே ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தால் போதும். காலுக்கு அடியில் கடப்பாக்கல் துண்டு வைத்திருக்கிறோம், மண் தொடாது. மழை இருட்டினால் தம்பியை நானே கெஞ்சிக் கூப்பிடுகிறேன்.

நம் பள்ளி மைதானத்தில் வெயிலில் வெளுத்துக் கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் பார்த்து உட்காருங்கள். வெயில் பட்டுப் பட்டு அவையும் மொறுமொறுப்பாகி, ஒருநாள் அப்படியே உடையும்.

ஆச்சிக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்று நினைக்கிறேன். ஒருநாள் நான் கயிறு இறுக்கும்போது, “ஏட்டி, சொல்லிரேன்” என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. தாத்தாவிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். அப்பா கோயம்புத்தூரில் வேலையில் இருப்பதால் எப்போதும் தாத்தாதான் வருவார். அவருக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. கண்ணாடியையும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். தமிழம்மா, வெள்ளிக்கிழமை வரை இந்தத் தாளை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.