விளக்கு உண்பதும் தருவதும்

ஒரு விளக்கின் தகுதியை எதைக் கொண்டு மதிப்பிடுவது? கடைக்குச் சென்றால், "எத்தனை வாட்?" என்றே கேட்கிறோம். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. லூமென் என்பதே அது வழங்கும் ஒளியின் அளவு. உண்பதைக் கேட்கும் நாம், தருவதைக் கேளாமலே வீடு திரும்புகிறோம்.

தோட்டப்புறத்தில் பிறந்த எனக்கு ஒளியின் அருமை தெரியும். லயத்து வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கின் அருகே புத்தகத்தைச் சாய்த்துப் படித்தேன். அம்மா நாள்தோறும் சிமினியின் கரியைத் துடைப்பார். மின்சாரம் வந்து, 60 வாட் மின்குமிழ் எரிந்த இரவில் வீடே புதிதாகத் தோன்றியது. ஏறத்தாழ 800 லூமென், அதாவது அறுபதுக்கும் மேற்பட்ட மெழுகுவர்த்திகளின் ஒளியை அது வழங்கியது. ஆயினும், உட்கொண்ட மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அது ஒளியாக்கவில்லை, எஞ்சியதெல்லாம் வெப்பமாயிற்று. அதன் ஆயுளோ 1,000 மணி நேரமே.

1924ஆம் ஆண்டில் பெரிய மின்குமிழ் நிறுவனங்கள் ஜெனீவாவில் கூடி, அதற்கு மேல் குமிழ்கள் எரியாதவாறு தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டன. எனினும், நீண்ட ஆயுள் மட்டுமே சிறப்பாகிவிடாது. அமெரிக்காவின் லிவர்மோர் தீயணைப்பு நிலையத்தில் 1901இல் ஏற்றப்பட்ட குமிழ் நூற்றாண்டைக் கடந்தும் எரிகிறது. ஆனால் அதன் ஒளி மிக மங்கலானது. உள்ளிருக்கும் இழையின் வெப்பம் குறைந்தால் ஆயுள் கூடும், ஒளி குன்றும்.

பின்னர் வந்த குழல் விளக்கு, அதே மின்சாரத்தில் நான்கைந்து மடங்கு ஒளியையும் பல மடங்கு ஆயுளையும் தந்தது; ஆனால் அதனுள் பாதரசம் என்னும் நஞ்சு இருந்தது.

இன்றைய எல்.இ.டி. விளக்கு 800 லூமென் ஒளியை ஏறக்குறைய 9 வாட்டில் தருகிறது. அதன் ஆயுளை 15,000 மணி எனக் கொள்வோம். அத்தனை மணி நேரம் எரிய, பழைய குமிழ்கள் 15 வேண்டும். அவை 900 யூனிட் மின்சாரத்தை உண்ணும். எல்.இ.டி. விளக்குக்கு 135 யூனிட் போதும். ஆனால் அது பெரும்பாலும் சிறிது சிறிதாக மங்கும். ஒளி 70 விழுக்காடாகக் குறையும் காலத்தையே அதன் ஆயுளாகக் கணக்கிடுவர். காற்றோட்டமற்ற கூண்டுக்குள் அடைத்தால், வெப்பத்தால் விரைவில் கெடும்.

கையில் காசு குறைந்தவரே மலிவு விளக்கை நாடுகிறார். அதன் ஒளி போதாமல் இரண்டு விளக்குகளை எரித்து, மாதந்தோறும் கட்டணம் செலுத்துபவரும் அவரே. ஆதலால், ஆசிரியர்கள் ஒரு விளக்குப் பெட்டியை வகுப்பறைக்குக் கொண்டு செல்லட்டும். வாட், லூமென், ஆயுள் ஆகிய மூன்று எண்களையும் மாணவர் படித்துக் கணக்கிடட்டும். அக்கணக்கை அறிந்த பிள்ளை, தன் வீட்டுச் செலவைக் காக்கும்.