தண்ணீர் கண்ணாமூச்சி ஆடும் மலை

ஸ்பெயின் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ரியல் மாட்ரிட், பார்சிலோனா, காளைச் சண்டை, ஊரே ஒருத்தர் மேல் ஒருத்தர் தக்காளி வீசிக்கொள்ளும் அந்தத் திருவிழா... அவ்வளவுதானே? அந்த லிஸ்ட்டில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஷூ லேஸை இறுக்கிக் கட்டுங்க. நடக்கப் போறோம்!

ஸ்பெயினின் கிழக்குக் கரையில், மத்தியதரைக் கடலை ஒட்டி வலென்சியா, அலிகாந்தே என்று இரண்டு நகரங்கள். இரண்டுக்கும் நடுவில் கடலுக்குள் கொஞ்சம் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு மரினா அல்தா என்று பெயர். கரையோரம் ஹோட்டல்களும் டூரிஸ்ட்டுகளும். ஆனால், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று பாருங்கள். வெயிலில் வெளுத்துப்போன, எலும்பு நிறத்தில் வரிசையாக மலைகள். 'இங்கே என்னப்பா இருக்கப் போவுது?' என்றுதான் முதலில் தோன்றும்.

இருக்கிறது. வால் டி லாகுவார் பள்ளத்தாக்கில் ஃப்ளேஷ் என்று ஒரு சின்ன ஊர். அங்கே தொடங்கி அங்கேயே வந்து முடிகிறது சுமார் 14 கிலோமீட்டர் நடைபாதை. ஸ்பெயின்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் செல்லப்பெயர், 'மலைநடையின் தேவாலயம்'. வழியில் 6,800-க்கும் அதிகமான கல்படிகள். கைபிடி கிடையாது, சிமென்ட் கிடையாது. கல்மேல் கல்லை அடுக்கி, மலையின் விலாவில் 'இசட்' 'இசட்'டாகச் செருகிவைத்த படிகள். ஒரு மலையில் இறங்கி, வறண்ட ஆற்றைத் தாண்டி, எதிர் மலையில் ஏறி, மறுபடி இறங்கி, மறுபடி ஏறி... மாலையில் உங்கள் முழங்கால் உங்களோடு பேசாது!

இந்தப் படிகளுக்கு 'மூரிஷ் படிகள்' என்றே பெயர். யார் இவர்கள்? நூற்றாண்டுக் கணக்கில் இங்கே வாழ்ந்த முஸ்லிம் விவசாயிகள். 1520-களில் கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுத்து, 'மொரிஸ்கோ' என்று பெயர் மாற்றினார்கள். செங்குத்தான மலையை வெட்டி, கல்சுவர் கட்டி, படிக்கட்டு வயல்கள் போட்டவர்கள் அவர்கள். அந்த வயல்களுக்குப் போகவர உண்டான பாதைகளில்தான் இன்றைக்கு நாம் பேக்பேக் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறோம். பெனிமாவுரேல் மாதிரி 'பெனி' என்று ஆரம்பிக்கும் ஊர்ப்பெயர்கள் இந்தப் பக்கம் நிறைய. அரபியில் 'இன்னாரின் பிள்ளைகள்' என்று அர்த்தம்.

பிள்ளைகள் இருந்த ஊரில் பிள்ளைகளையே இல்லாமல் செய்தார்கள். 1609-இல் மன்னர் மூன்றாம் ஃபிலிப், மொரிஸ்கோக்கள் அத்தனை பேரும் நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். பக்கத்திலிருக்கும் தேனியா துறைமுகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆப்பிரிக்கக் கரைக்கு ஏற்றி அனுப்பினார்கள். போக மறுத்த ஆயிரக்கணக்கானவர்கள் குடும்பம் குடும்பமாக லாகுவார் மலைகளில் ஏறிக்கொண்டார்கள். நீங்கள் நடக்கும்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்குமே, அந்த கவால் வெர்ட் மலை, அதுதான் அவர்களின் கடைசி அரண். பெயருக்கு 'பச்சைக் குதிரை' என்று பொருள். மலைக்குள்ளிருந்து பச்சைக் குதிரையில் ஒரு வீரன் வந்து தங்களைக் காப்பாற்றுவான் என்று அவர்கள் நம்பினார்களாம். குதிரை வரவில்லை. அந்த நவம்பரில், தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல், பிழைத்தவர்கள் சரணடைந்தார்கள். காலியான ஊர்களில் மயோர்க்கா தீவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள்.

தாகம் தோற்கடித்த மலை. சரி, இங்கே மழையே பெய்யாதா?

அங்கேதான் ட்விஸ்ட்! இந்தப் பகுதியில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடங்கள் உண்டு. பெரும்பங்கு இலையுதிர் காலத்தில், சில நாட்களில், 'தொப்'பென்று விழும். ஆனால், நாலு நாள் கழித்துப் போய்ப் பாருங்கள். ஆற்றில் கூழாங்கல்தான் இருக்கும். அவ்வளவு தண்ணீரும் எங்கே போனது?

பதில் உங்கள் காலடியில் இருக்கிறது. இந்த மலைகள் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அந்தப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, விரிசலைக் குழாயாக்கி, குழாயைக் குகையாக்கி உள்ளே இறங்கிவிடும். மலை முழுக்க ஒரு பெரிய சல்லடை! நம்ப முடியலையா? பாதை தாண்டும் ஜிரோனா ஆறு, 'நரகப் பள்ளம்' என்று பெயர் வாங்கிய இடுக்கில் நுழைந்து வெளியே வரும் இடத்தில் இஸ்பெர்ட் என்றொரு அணை நிற்கிறது. 1940-களில் கட்டி முடித்தார்கள். அணை உறுதியாகத்தான் இருக்கிறது. தண்ணீர்தான் நிற்கவில்லை. பெருமழைக்குக் கொஞ்சம் தேங்கும், அப்புறம் பாறை வழியாக நழுவிவிடும். பொறியியல் படிக்கிற நண்பர்களே, சுவரைப் பற்றி மட்டும் யோசித்து, அடித்தளத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

நழுவிய தண்ணீரைத் தேடி, மறுநாள் கீழே இறங்குவோமா?

மலைகள் குதிரை லாடம் போல வளைந்து நிற்க, நடுவில் பேகோ என்ற ஊர். அதன் முன்னால் கடல்வரை விரிந்து கிடக்கிறது பேகோ - ஒலிவா சதுப்பு நிலம். சுமார் 1,250 ஹெக்டேர். ஒரு காலத்தில் கடலின் வளைகுடா. மணல்திட்டு வாயை அடைக்க, ஏரியாகி, மெல்ல மெல்லத் தூர்ந்து சதுப்பானது. நேற்று பார்த்த எலும்பு நிறம் எங்கே, இந்தப் பச்சை எங்கே! நாணல், அல்லி, தண்ணீருக்குள் அசையாமல் தவம் இருக்கும் செந்நாரை. நடுவில் 'பச்சைக் குன்று' என்று ஒரு மேடு இருக்கிறது. மூச்சு வாங்காமல் ஏறிவிடலாம். மேலே நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் மலை.

இந்தச் சதுப்புக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? சுற்றி நிற்கும் அந்த 'வறண்ட' சுண்ணாம்பு மலைகளிலிருந்துதான். உள்ளே இறங்கிய மழை, அடிவாரத்தில் ஊற்றுகளாக வெளியே வந்து, புல்யெண்ட், ரக்கோன்ஸ் என்று இரண்டு குட்டி ஆறுகளாகி, சதுப்பை இரண்டு பக்கமும் அணைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. 'புல்யெண்ட்' என்றால் 'கொதிக்கிறது' என்று பொருள். மலையில் காணாமல் போனது இங்கே 'ஒளிஞ்சது நான்தான்' என்று கையைத் தூக்குகிறது!

ஓரங்களில் நெல் வயல்கள். பாயெல்லாவுக்குப் பேர்போன 'போம்பா' அரிசி இங்கே விளைகிறது. ஸ்பானிய மொழியில் அரிசிக்கு 'அர்ரோஸ்'. அதுவும் அரபி வழியாக வந்த சொல். ஆளை விரட்டினார்கள். சொல்லையும் சோற்றையும் விரட்ட முடியவில்லை. கால்வாய்களில் சமருக் என்ற விரல் நீள மீன் ஒன்று நீந்துகிறது. ஸ்பெயினின் மத்தியதரைக் கடலோரம் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத, அழிவின் விளிம்பில் நிற்கும் மீன்.

1994-இல் இந்த இடத்தை இயற்கைப் பூங்காவாக அறிவித்தார்கள். அதோடு சுபம் இல்லை. 'சும்மா கிடக்கும் சேற்று நிலம்தானே, வடித்துவிட்டால் விவசாயம் பண்ணலாமே' என்று 1990-களில் அந்த ஊர் மேயரே சதுப்பை வற்றவைக்கக் கிளம்பினார். வழக்கு நடந்தது. சுற்றுச்சூழல் குற்றத்துக்காக அவர் சிறைக்கும் போனார். அவருக்கு ஆதரவாக நின்ற ஊர்க்காரர்களும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. நிலம் சோறு போட வேண்டும் என்ற ஆசை தப்பில்லை. மலைக்கும் சதுப்புக்கும் நடுவில் ஓடும் கண்ணுக்குத் தெரியாத குழாயைப் பார்க்காததுதான் தப்பு.

மலைக்கு ஒரு அடி விழுந்தால் சதுப்புக்கும் வலிக்கும். 2022 ஆகஸ்ட்டில், லாகுவாருக்கு அடுத்த வால் தெபோ பள்ளத்தாக்கில் மின்னல் விழுந்து தீப்பிடித்தது. 12,000 ஹெக்டேருக்கு மேல் கருகியது. செடிகொடி போனால், மழை உள்ளே இறங்காமல் மண்ணை அள்ளிக்கொண்டு மேலோடு ஓடும். ஆனாலும், கருகிய சரிவில் முதலில் தலைகாட்டுகிற செடிகளில் ஒன்று பனை! பெரும்பாலும் குட்டையாகத்தான் வளரும். ஐரோப்பியப் பெருநிலத்தில் தானாக வளரும் பனை வகை அது ஒன்றுதான்.

கிளம்பப் போறீங்களா? கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க. கோடையில் வேண்டவே வேண்டாம், நிழல் கிடையாது. பிப்ரவரி வாக்கில் போனால் பாதாம் மரங்கள் பூத்திருக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். பாறையில் வெள்ளை, மஞ்சள் கோடுகள் இணையாக இருந்தால் சரியான வழி, பெருக்கல் குறியாக இருந்தால் திரும்பிடுங்க. நரகப் பள்ளத்தின் உள்ளே போவது கயிறும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டும். மழை அறிவிப்பு இருந்தால் ஆற்றுப் பக்கமே தலைவைக்காதீர்கள். 2007 அக்டோபரில் இதே 'வறண்ட' ஜிரோனா ஆறுதான் கீழே ஒரு ஊரின் பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போனது.

கடைசியாக, ஒலிவா பக்கம் மலையடிவாரத்தில் 'உப்பு ஊற்று' என்று ஒன்று இருக்கிறது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், லேசாக உப்புக் கரிக்கும். படிகள் ஏறி இறங்கி வீங்கிப்போன காலை அதில் விட்டு உட்காருங்கள். அண்ணாந்து அந்த மலையைப் பாருங்கள். இனிமேல் அதை 'வறண்ட மலை' என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது!