கையெழுத்தும் ஒரு சாட்சியே



எங்கள் வீட்டு வாசலுக்கு மாதந்தோறும் நீளமான ஒரு பதிவேடு வந்துகொண்டிருந்தது. பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளியிலிருந்து ஒரு மாணவன் அதை எடுத்து வருவான். என் மனைவி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அவன் விரல் காட்டும் இடத்தில் கையெழுத்திடுவார். ஏறத்தாழ ஓராண்டு இப்படியே நடந்தது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று அவர் படித்ததில்லை. நானும் கேட்டதில்லை.

நான் திண்டிவனத்தில் ஒரு மத்ரஸாவில் ஆசிரியராக இருக்கிறேன். விழுப்புரம் செல்லும் வழியிலுள்ள ஒரு கிராமத்தில் குடியிருக்கிறேன். அமானிதம் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவது என் தொழில். அப்படிப்பட்டவனுடைய வீட்டில் இது நடந்தது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அது பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானப் பதிவேடு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இப்படியொரு குழு அமைய வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், வளர்ச்சித் திட்டம் வகுப்பதும், வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இதன் பொறுப்புகள். 2022இல் தமிழக அரசு இக்குழுக்களை மாநிலம் முழுவதும் புதிதாக அமைத்தது. 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். தலைவர் ஒரு தாயாக இருக்க வேண்டும் என்றும், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் பெற்றோர் ஒருவர் துணைத் தலைவராக வேண்டும் என்றும் வகுக்கப்பட்டது. 2021 அக்டோபரில் நம் மாவட்டத்தில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வென்ற வார்டு உறுப்பினர்களுக்கும் அதில் இடம் இருந்தது.

அந்த 2022 கூட்டத்திற்கு எங்கள் தெருவிலிருந்து ஒருவரும் செல்லவில்லை. இடம் நிரம்பாததால் ஓர் ஆசிரியை வீட்டிற்கே வந்து, "உங்க பேரைச் சேர்த்துக்கவா அம்மா?" என்று கேட்டார். என் மனைவி என் முகத்தைப் பார்த்தார். "பேருக்குத்தானே, போட்டுக்கொள்ளட்டும். கூட்டத்துக்கெல்லாம் அலைய வேண்டாம்" என்று சொன்னவன் நான்.

மறு ஆண்டு, மாலை மக்தபில் என்னிடம் ஓதும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்கடி வராமல் இருந்தாள். மாதத்தில் சில நாட்கள் பள்ளிக்கும் செல்வதில்லை என்று தெரிந்தது. பெற்றோரின் கவனக்குறைவு என்று நானாகவே முடிவு செய்து, கல்வியின் சிறப்பைப் பற்றி அவள் தகப்பனாரிடம் நீண்ட நேரம் பேசினேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு என் மனைவி அந்த வீட்டுக்குச் சென்று அவள் தாயாரிடம் பேசியபோதுதான் விஷயம் வெளிவந்தது. பள்ளியின் நீரேற்றும் மோட்டார் பழுதாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் இல்லை. பெரிய பிள்ளைகள் காலையிலிருந்து மாலைவரை தண்ணீர் குடிக்காமலே இருந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். இயலாத நாட்களில் வீட்டிலேயே தங்கிவிடுகிறார்கள்.

அடுத்த முறை பதிவேடு வந்தபோது என் மனைவி அதை வாங்கி உள்ளே எடுத்துச் சென்று உட்கார்ந்து படித்தார். முந்தைய மாதங்களின் பக்கங்களையும் புரட்டினார். "குடிநீர், கழிப்பறை வசதிகள் நல்ல நிலையில் உள்ளன" என்ற ஒரே வாக்கியம் மாதம் தவறாமல் இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் அவருடைய கையெழுத்து இருந்தது.

"இது பொய்ச்சாட்சி இல்லையாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பெரும்பாவங்களை எண்ணிச் சொல்லும்போது, சாய்ந்து அமர்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, பொய்ச்சாட்சியைக் குறித்து மட்டும் திரும்பத் திரும்ப எச்சரித்ததைப் புகாரியிலும் முஸ்லிமிலும் நாம் படிக்கிறோம். நான் அந்த ஹதீஸைப் பலமுறை பாடமாக நடத்தியிருக்கிறேன். நீதிமன்றத்தில் கூண்டில் ஏறி நிற்பவனைத்தான் அது குறிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். படிக்காமல் இடும் கையெழுத்தும் சாட்சிதான் என்பதை, அரபி இலக்கணம் படிக்காத என் மனைவி எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அந்த மாதம் அவர் கையெழுத்திடவில்லை. கூட்ட நாளன்று இரண்டு தாய்மார்களை அழைத்துக்கொண்டு நேரில் சென்றார். எங்கள் பள்ளியில் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கும். ஜும்ஆ முடிந்து உண்டுவிட்டு ஆண்கள் ஓய்வெடுக்கும் நேரம் அது. என் மனைவி புறப்பட்டுச் சென்ற பின் எனக்கு உறக்கம் வரவில்லை.

தலைமையாசிரியரைக் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. போதிய ஆசிரியர்கள் இல்லாத பள்ளியில் பாடமும் நடத்திக்கொண்டு, கணக்கும் எழுதிக்கொண்டு, சத்துணவையும் பார்த்துக்கொண்டு அவர் தனியாகத் தவித்துக்கொண்டிருந்தார். "நான் ஒருத்தன் கேட்டா யாரும்மா செய்றாங்க? நீங்க பதினஞ்சு பேர் வந்து உட்கார்ந்திருந்தா எப்பவோ நடந்திருக்கும்" என்றாராம். அன்று உண்மை நிலை அப்படியே தீர்மானமாக எழுதப்பட்டது. வார்டு உறுப்பினர் அதை ஊராட்சிக்கு எடுத்துச் சென்றார். பள்ளி மானியத்திலிருந்து ஒரு பகுதியும் ஊராட்சியிலிருந்து ஒரு பகுதியுமாகச் செலவிட்டு, சில வாரங்களில் மோட்டார் சீரானது. அந்த மாணவி மறுபடியும் ஒழுங்காகப் பள்ளிக்கும் மக்தபுக்கும் வரலானாள். அவள் தகப்பனாரிடம் சென்று நான் மன்னிப்புக் கேட்டேன்.

2024 ஆகஸ்டில் குழுக்கள் மீண்டும் புதிதாக அமைக்கப்பட்டன. இம்முறை உறுப்பினர் எண்ணிக்கை 24. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டது. எங்கள் பள்ளியில் ஒரு சனிக்கிழமை கூட்டம் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய இரவு, இஷாவுக்குப் பின் ஊர்ப் பெரியவர்கள் சிலர் வீட்டுக்கு வந்தார்கள். "ஹஜ்ரத், நம்ம ஜமாஅத் வீடுகள்லேர்ந்து எல்லாரும் போனா நம்ம ஆள் ஒருத்தரைத் தலைவராக்கிடலாம். உங்க வீட்டம்மாவையே நிறுத்துங்க" என்றார்கள். முந்தைய கூட்டத்திற்கு ஒருவரும் வரவில்லையே என்று நான் கேட்கவில்லை. நானும் அவர்களில் ஒருவன்தானே. முத்தவல்லி தேர்தல் என்றால் வெளியூரில் வேலை செய்பவரும் பேருந்து பிடித்து வந்து வாக்களிக்கும் சமுதாயம் நாம். நம் பிள்ளைகள் நாள்தோறும் ஏழு மணி நேரம் இருக்கும் இடத்தின் நிர்வாகம் நமக்கு அதுவரை தேர்தலாகவே தோன்றியதில்லை.

பெரியவர்கள் சென்ற பின் என் மனைவி சொன்னார்: "தலைவரா வர வேண்டியவங்க நான் இல்லைங்க. அந்த ஒரு வருஷத்துல ஒரு கூட்டம்கூட விடாம வந்தவங்க ஒருத்தங்க இருக்காங்க." அவர் சொன்னது, நெல் நடவுக்குச் செல்லும் ஒரு கூலித் தொழிலாளித் தாயை. முஸ்லிம் அல்லர், எங்கள் தெருவைச் சேர்ந்தவரும் அல்லர். கூட்டம் உள்ள நாட்களில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருவாராம். மோட்டார் பிரச்சினையைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி முதலில் கேட்டவரும் அவர்தானாம். பதினைந்து பேரில் ஒரு குரலாக ஒலித்ததால் அது எடுபடவில்லை.

மறுநாள் அவர் பெயரை முன்மொழிந்தவர் என் மனைவி. எங்கள் தெருத் தாய்மார்கள் கை உயர்த்தினார்கள். அவர் தலைவரானார், என் மனைவி உறுப்பினரானார். பெரியவர்களில் ஓரிருவருக்கு வருத்தம்தான். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் ஸூரத்துன் நிஸாவின் 58ஆம் வசனத்தில் கட்டளையிடுகிறான். அங்கே உறவுக்காரரிடம் என்று சொல்லவில்லை என்று மட்டும் அவர்களிடம் எடுத்துச் சொன்னேன்.

நம்மில் பலர் இத்தகைய பொறுப்புகளிலிருந்து விலகுவதற்குப் பேணுதலைக் காரணமாகச் சொல்கிறோம். பதவியைத் தேடிக் கேட்காதீர் என்று அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியது உண்மை. அதே ஹதீஸ், கேட்காமல் தரப்படும் பொறுப்பில் உதவி கிடைக்கும் என்றும் சொல்கிறது. மக்கள் பசியால் வாடும் காலம் வருமென்று அறிந்த யூஸுஃப் (அலை) அவர்கள் களஞ்சியங்களின் பொறுப்பைத் தாமே முன்வந்து கேட்டதையும் குர்ஆன் சொல்கிறது. பெருமைக்காகப் பதவி தேடுவது வேறு. பிள்ளைகளின் தண்ணீருக்காக ஒரு நாற்காலியில் அமர்வது வேறு. பெண்கள் ஆலோசனை சொல்வதா என்று தயங்குவோர் ஹுதைபிய்யாவை நினைத்துப் பார்க்கட்டும். தோழர்கள் மனம் தளர்ந்து எழாமல் இருந்தபோது, தாமே முதலில் சென்று அறுத்துப் பலியிட்டுத் தலைமுடி களையுமாறு உம்மு ஸலமா (ரலி) அவர்கள் சொன்ன யோசனையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றார்கள். அதைக் கண்டு அனைவரும் எழுந்தார்கள்.

அந்தப் புதிய குழுவுக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, எங்களுக்கு அருகிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டமே நீரில் மூழ்கியது. மழை ஓய்ந்ததும், பிள்ளைகள் திரும்பும் முன், தலைவரும் என் மனைவியும் வேறு சில பெற்றோரும் பள்ளியைச் சுற்றி வந்தார்கள். சுற்றுச்சுவரின் ஒரு பகுதி ஊறிச் சாய்ந்திருந்ததைக் கண்டு, அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாதபடி கயிறு கட்டச் செய்தார்கள். பதிவேட்டில் அன்று எழுதப்பட்ட ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்தவர்களே எழுதினார்கள்.

இதுவரை சொன்னது அரசுப் பள்ளியின் கதை. இனி என் சொந்த இடத்துக்கு வருகிறேன்.

2012இல் திருத்தப்பட்ட பிறகு, மத்ரஸாக்களுக்கும் வேத பாடசாலைகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. பெற்றோர் குழு அமையுங்கள் என்று எங்களை யாரும் கேட்க முடியாது. ஆனால் ஸூரத்துஷ் ஷூரா என்று ஓர் அத்தியாயத்துக்கே ஆலோசனையின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அதன் 38ஆம் வசனத்தில், தொழுகையை நிலைநாட்டுவதற்கும் அல்லாஹ்வின் பாதையில் செலவிடுவதற்கும் நடுவே, தம் காரியங்களைக் கலந்தாலோசித்து நடத்துவது இறைநம்பிக்கையாளரின் பண்பாக வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வசனத்தை மனனம் செய்விக்கும் எங்கள் மத்ரஸாவில் பெற்றோரை அழைத்து ஒருநாளும் கருத்துக் கேட்டதில்லை. சந்தா கட்டும் நாளிலும் ஆண்டு விழாவிலும்தான் அவர்கள் உள்ளே வருவார்கள்.

நிர்வாகத்தாரிடம் பேசினேன். தயங்கினாலும் ஒப்புக்கொண்டார்கள். முதல் கூட்டத்திற்குப் பன்னிரண்டு தாய்மார்கள் வந்தார்கள். ஒளூச் செய்யும் இடம் வழுக்குகிறது என்றார் ஒருவர். மழைக்காலத்தில் மாலை வகுப்பைச் சற்று முன்னதாக முடிக்கலாமா என்றார் இன்னொருவர். கடைசியாகப் பின்வரிசையிலிருந்து ஒருவர் மெல்லிய குரலில் சொன்னார்: "சந்தா பாக்கி உள்ள பிள்ளைங்க பேரை எல்லார் முன்னாடியும் வாசிக்க வேண்டாம் ஹஜ்ரத். என் மகன் அன்னிக்கு ராத்திரி சாப்பிடலை."

வாசித்தவன் நான். பல ஆண்டுகளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். அது தவறு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. சொல்வதற்கு ஓர் இடத்தை நான் யாருக்கும் தந்ததுமில்லை. அன்று அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். பாக்கி விவரம் இப்போது பெற்றோரிடம் மட்டும் தனியே தெரிவிக்கப்படுகிறது.

சகோதரர்களே, சகோதரிகளே! 2024இல் அமைந்த குழுக்களின் காலம் இரண்டு ஆண்டுகள். அடுத்த முறை உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்தும் அழைப்பு வரும். பிள்ளை கையில் கொடுத்தனுப்பும் அந்தத் துண்டுத் தாளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். வீட்டிலிருந்து ஒருவர் கட்டாயம் செல்லுங்கள். நம்மவர் யார் என்று பார்க்காமல், தகுதியுடையவர் யார் என்று பார்த்துக் கை உயர்த்துங்கள். பதிவேடு உங்கள் வாசலுக்கு வந்தால், படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். மத்ரஸா நடத்துவோர், பெற்றோருக்கு மாதத்தில் ஒரு மணி நேரமாவது காது கொடுங்கள்.

நாம் கையெழுத்திட்ட ஒவ்வொரு பக்கமும் மறுமையில் நம் முன்னே விரிக்கப்படும் நாளில், அவற்றில் பொய் இல்லாதிருக்க அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.