பசியை அடக்க மூலிகை உண்டா?

எடை குறைக்க என்னிடம் வருகிறவர்களில் பலர் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசைமேல் வைப்பார்கள். பெரும்பாலும் கார்சினியா மாத்திரை. "செடியிலேர்ந்து எடுத்ததுதானே மேடம், ஒண்ணும் பண்ணாதில்லே?" என்பதுதான் முதல் கேள்வி. எடை குறையுமா என்பது அப்புறம்தான்.

கார்சினியா என்பது கேரளத்திலும் கன்னியாகுமரிப் பக்கமும் மீன்குழம்பில் போடுகிற குடம்புளி. குழம்பில் போடும் இரண்டு துண்டுக்கு நான் மறுப்புச் சொல்வதில்லை. அதன் தோலிலுள்ள ஹைட்ராக்சிசிட்ரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, மாத்திரையாக்கி மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 135 பேருக்கு 12 வாரம் நார்ச்சத்து மிகுந்த, கலோரி குறைந்த உணவு கொடுத்தார்கள். ஒரு சாராருக்குக் கூடவே கார்சினியா, மறு சாராருக்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக்காரர்கள் சராசரியாக 4.1 கிலோ குறைந்தார்கள், கார்சினியாக்காரர்கள் 3.2 கிலோ. எடையைக் குறைத்தது தட்டில் இருந்த சாப்பாடு. இந்த மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும் பிற்பாடு மருத்துவ இதழ்களில் பதிவுகள் வந்தன. அதனால் டப்பாவை மூடி வைக்கச் சொல்லிவிடுவேன்.

கள்ளிமுளையானைப் பற்றியும் கேட்பார்கள். வறண்ட கரடுகளில் முளைக்கும் சதைப்பற்றுள்ள சிறு செடி. காட்டுக்குப் போகிறவர்கள் பசிதாங்கப் பறித்து மென்றது. பெங்களூரில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், தினம் ஒரு கிராம் சாறு 60 நாள் எடுத்தவர்களுக்குப் பசி குறைந்தது, இடுப்புச் சுற்றளவும் சற்றுக் குறைந்தது. எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பசி குறைந்தால் எடை தானாகக் குறைந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன். பசியில்லாமலும் சாப்பிடுகிறோம், டிவி முன்னால், விசேஷ வீட்டில், மிச்சம் வீணாகக் கூடாதே என்று.

நான் நம்பி எழுதிக்கொடுப்பது நார்ச்சத்தைத்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் இசப்கோல் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்வேன். சில நிமிடங்களில் அது கொழகொழவென்று கெட்டிப்பட்டிருக்கும். வயிற்றிலும் இதேதான் நடக்கிறது: நீரை உறிஞ்சி உப்பி இடத்தை அடைக்கிறது, சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்குகிறது. ஊறவைத்த வெந்தயமும் இந்த வகைதான். கொன்யாக் கிழங்கின் நார்ச்சத்து எடை குறைய உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் நிபந்தனையோடு: நாளுக்கு 3 கிராம், மூன்று வேளையாகப் பிரித்து, சாப்பாட்டுக்கு முன், ஒன்றிரண்டு டம்ளர் தண்ணீரோடு, கலோரி குறைத்த உணவும் கூட இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலேயே உப்பி அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. சர்க்கரை மாத்திரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இவற்றைத் தொடங்குமுன் டாக்டரிடம் கேட்டாக வேண்டும். மாத்திரை உடம்பில் சேர்வதை நார் தாமதப்படுத்தும்.

எந்த மூலிகை என்று கேட்கிறவரிடம் எந்நேரத்தில் பசிக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். "காலையில ஒண்ணும் இறங்காது மேடம், சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கை நிக்காது" என்பதே அதிகம் கேட்ட பதில். அவர்களுக்குக் காலையில் இரண்டு இட்லி, கூட ஒரு முட்டை. நான்கு மணிக்கு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். முதல் இரண்டு வாரத்துக்கு வேறெதுவும் எழுதுவதில்லை.